கவர்னர் பெல்லமி எந்தச் சர்ச்?

அமெரிக்க ஜனாதிபதியை உண்மையில் தேர்ந்தெடுப்பது ஹார்லன் வாண்டர் பிளூக்தான். இதை ஹார்லனே பலமுறை சொல்லியிருக்கிறார். கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டிலேயே முதலில் வாய் திறக்கும் மாநிலம் அயோவா. அயோவாவின் மனசு நியூ டெல்ஃப்டில் இருக்கிறது. நியூ டெல்ஃப்டில் கட்சியின் வட்டத் தலைவர் ஹார்லன். கணக்கில் எங்கும் ஓட்டை இல்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க," என்றார் அவர், ரொசெல்லாவின் காப்பிக் கடையில், தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு. "வேட்பாளர் எந்தச் சர்ச்சுக்குப் போறான்னு பாத்து ஓட்டுப் போடுறவனும், மூஞ்சியப் பாத்துப் பன்னி வாங்குறவனும் ஒண்ணு. நான் இதுவரைக்கும் ஒருத்தனையும் கேட்டதில்ல. எனக்குக் கொள்கை. கொள்கை மட்டும்தான்."

கடையே தலையாட்டியது. ஹாலந்து வழி வந்த, ஹார்லனின் சீர்திருத்த சபைக்காரர்கள் ஜன்னலோர மேசையிலிருந்து ஆட்டினார்கள். லூத்தரன்கள் நடு மேசையிலிருந்து ஆட்டினார்கள். கத்தோலிக்கர்கள் அடுப்படிப் பக்கத்து மேசையிலிருந்து ஆட்டினார்கள்.

"அப்புறம் எப்படிண்ணே," என்று நடு மேசையிலிருந்து டெல்மர் குரல் கொடுத்தார், "பள்ளிக்கூட போர்டுக்கு நீ ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் உங்க சபையாவே அமைஞ்சாங்க?"

"நல்ல கொள்கை உள்ளவங்க எங்க சபையில ஜாஸ்தி. அதுக்கு நான் என்ன பண்றது?"

டெல்மர் நூட்சன் மாடு வளர்ப்பவர். கட்சி வேட்பாளருக்கு ஊர் ஓட்டுப் போடும் ஜனவரி வட்டக் கூட்டத்திலேயே தலைவர் தேர்தலும் உண்டு, இந்த முறை அதில் அவரும் நிற்கிறார். இது ஹார்லனுக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். அந்தப் பதவி இருப்பதால்தான் தலைநகரிலிருந்து வரும் கட்சிப் பெரியவர்கள் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "காத்து எப்படி அடிக்குது ஹார்லன்?" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு முறை காற்றைத் தப்பாகச் சொன்னால் போதும், அவர்கள் டெல்மர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் பதவியில் இருந்த ஜனாதிபதியை எதிர்க்க ஒரு கூட்டமே கிளம்பியிருந்தது. அத்தனை பேரையும் பெயர் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. ஒவ்வொருவராக ரொசெல்லா கடைக்கு வந்து, அவள் சுட்ட ஆப்பிள் பை தின்று, தின்றுகொண்டிருப்பவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஹார்லன் வீட்டுச் சுவரில் போன் அடித்தது.

"வணக்கம் ஐயா. என் பேர் ஜனெல், காலேஜ்லேருந்து பேசுறேன். தேர்தல் பத்தி ஒரு ஆய்வு. கேள்விக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும், இதுல வர்ற..."

"பன்னிங்க தீனிக்குக் கத்துதும்மா. நேரா கேள்விக்கு வா."

"சரிங்க. முன்னாள் கவர்னர் எவரெட் பெல்லமி. விவசாயக் குடும்பம். ராணுவத்துல இருந்தவர். சிரிச்ச முகம், ஜனங்க மொய்ச்சுக்குவாங்க. மார்மன் சபையச் சேர்ந்தவர். இவர் ஜனாதிபதிய எதிர்த்து நின்னா ஓட்டுப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"அவரோட சபைதான் காரணமா ஐயா?"

"சேச்சே. எனக்கு அதெல்லாம் கிடையாது. சோள விலை. அதுல அவர் நிலைப்பாடு சரியில்ல."

"சோள விலையப் பத்தி அவர் எதுவும் சொல்லலையே."

"பாத்தியா?" என்றார் ஹார்லன்.

போனை வைத்த பிறகும் சந்தேகம் போகவில்லை. சிரித்த முகமாம். எதற்குச் சிரிக்கிறார்? மார்மன்கள் காப்பி குடிக்க மாட்டார்கள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தார். காப்பி குடிக்காத ஆள் ரொசெல்லா கடையில் உட்கார்ந்து என்ன செய்வார்? சும்மா உட்கார்ந்து நாம் பேசுவதைக் கேட்பார்.

மறுநாள் கடையில் விஷயத்தை எடுத்தார்.

"பெல்லமியா?" என்றார் டெல்மர். "எனக்கும் மாடு கறக்குற நேரத்துல போன் வந்துச்சு, பாதிதான் காதுல விழுந்துச்சு. அவர் கத்தோலிக்கர்னுல்ல சொல்லிச்சு அந்தப் பொண்ணு. நான் வேணாம்னுட்டேன். சபைக்காக இல்ல. பால் விலைக்காக."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ரொசெல்லா நின்றாள். "எங்க கத்தோலிக்க சபையா? எங்கிட்ட லூத்தரன்னு சொன்னா. அடுப்புல ஆப்பிள் பை கருகுதுன்னு நான் அவசரமா வேணாம்னு சொல்லிட்டேன். பெட்ரோல் விலைக்காகத்தான்."

மூன்று மேசைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரே ஆள், மூன்று சபை. இப்படி ஒருவர் பதுங்குகிறார் என்றால் சின்ன விஷயமாக இருக்காது.

ஹார்லன் வீட்டுக்கு வந்து கட்சியின் மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டார். அப்படி ஒரு பெயரே தங்களிடம் இல்லை என்றார்கள்.

"கட்சியே மறைக்குது ஆர்லிஸ்," என்றார் மனைவியிடம். "இவ்வளவு பேர் சேந்து மறைக்கணும்னா, ஆள் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்."

"உனக்குத்தான் சபை முக்கியமில்லையே. விட்டுத் தொலையேன்."

"சபை முக்கியமில்ல. எந்தச் சபைன்னு தெரியணும். அவ்வளவுதான்."

மறைப்பவனை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தால் அடங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டார். கன்றுக்குட்டி விற்பவர்களும் நாயைத் தொலைத்தவர்களும் பேசும் உள்ளூர் ரேடியோ நிகழ்ச்சியில் கூப்பிட்டுப் பேசினார். "யார் இந்த எவரெட் பெல்லமி? ஜனங்க கிட்ட வந்து நிக்க ஏன் பயப்படுறார்?"

மறுநாளிலிருந்து மாவட்டமே பெல்லமியைப் பற்றித்தான் பேசியது. ஆனால் ஹார்லன் நினைத்த மாதிரி இல்லை.

"மத்தவனெல்லாம் வந்து தின்னவிடாம கையப் பிடிச்சான்," என்றார் ஜன்னலோர மேசையில் ஒருவர். "இவர் ஒருத்தர்தான் தொந்தரவே பண்ணல. மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"பேப்பர்ல ஒரு வரி கிடையாது," என்றார் இன்னொருவர். "விளம்பரம் பிடிக்காது போல."

ஹார்லன் மறுத்துப் பேசப் பேச, பெல்லமி வளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சபைப் பெண்கள் கூட்டத்திலிருந்து ஆர்லிஸ் முகம் மலர்ந்து வந்தாள்.

"கெர்ட்ரூட் வீட்டுக்கும் சமையலுக்கு நடுவுல போன் வந்துச்சாம். பெல்லமி நம்ம சீர்திருத்த சபையாம். அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லிச்சாம்."

"மார்மன்னுல்ல எங்கிட்ட சொன்னா?"

"எதிரிங்க கிளப்பிவிட்டிருப்பாங்க. உண்மையான குடும்பப் பேர் பெல்லெமாவாம். தாத்தா ஹாலந்துலேருந்து கப்பல்ல வந்தவராம். கோட்டுப் பையில எப்பவும் பெப்பர்மின்ட் இருக்குமாம். பிரசங்கம் ஆரம்பிச்சதும் வரிசைக்கே நீட்டுவாராம்."

பிரசங்கத்தில் பெப்பர்மின்ட் நீட்டுபவன் வேறு சபையாக இருக்க வழியே இல்லை. ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சோள விலையப் பத்தி என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலையாம்."

"யோசிச்சுப் பேசுற ஆளு," என்றார் ஹார்லன்.

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி இருந்தது. நியூ டெல்ஃப்டில் சீர்திருத்த சபை இரண்டு. ஆர்கன் வாங்குவதா, பியானோ போதுமா என்ற சண்டையில் பிரிந்து, தெருவுக்கு இந்தப் பக்கம் முதலாம் சபை, அந்தப் பக்கம் இரண்டாம் சபை. இப்போது இரண்டிலும் ஆர்கன் இருக்கிறது. ஹார்லன் இரண்டாம் சபை. முதலாம் சபைக்காரரை ஜனாதிபதியாக்குவது என்பது, கொள்கை ரீதியாக, யோசிக்க வேண்டிய விஷயம்.

வட்டக் கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. ஜனங்கள் மடக்கு நாற்காலிகளில் அவரவர் சபையோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்த காலேஜ் மாணவியாம்.

ஹார்லன் பேசினார். "கொள்கையப் பாத்துப் போடுங்க. பெல்லமிய எதிர்த்தோ ஆதரிச்சோ நான் எதுவும் சொல்லல."

அந்தப் பெயரைக் கேட்டதும் பின்வரிசைப் பெண் எழுந்து கையைத் தூக்கினாள். "ஐயா, அந்தப் பேரு..."

"வெளியாளுங்க பேசக் கூடாதும்மா. கடைசியில பாக்கலாம்."

வேட்பாளர் பெயர் எழுத வெற்றுச் சீட்டுகள் வந்தன. ஹார்லன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பக்கத்திலிருந்த ஆர்லிஸுக்குக்கூடக் காட்டவில்லை. எல்லாச் சீட்டுகளும் காலி ஐஸ்கிரீம் வாளியில் விழுந்தன.

எண்ணியபோது, நேரில் வந்து பை தின்ற அத்தனை பேரும் சேர்ந்து வாங்கியதைவிட பெல்லமி அதிகம் வாங்கியிருந்தார். லூத்தரன்கள் போட்டிருந்தார்கள், அவர் லூத்தரன் என்பதால். கத்தோலிக்கர்கள் போட்டிருந்தார்கள், டெல்மர் உளறியதை நம்பி. அதாவது, எல்லோரும் கொள்கைக்காகப் போட்டிருந்தார்கள்.

அடுத்தது தலைவர் தேர்தல். டெல்மர் எழுந்து, "பெல்லமிய இவர் சந்தேகப்பட்டார்," என்றார்.

"இந்த மாவட்டத்துல அந்தப் பேர முதல்ல ரேடியோவுல சொன்னது யாரு?" என்றார் ஹார்லன். "காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு யார் கண்டுபிடிச்சது?"

கைகள் உயர்ந்தன. டெல்மருடைய மைத்துனர் கைகூட உயர்ந்தது. ஹார்லன் மறுபடியும் வட்டத் தலைவர்.

அவர் தலைமை ஆசிரியர் அறைப் போனில் மாநில அலுவலகத்துக்கு முடிவைச் சொன்னார். "பெல்லமி... யாரா? இன்னுமா மறைக்கிறீங்க? எழுதுங்கய்யா. நாளைக்கு நாடே பேசும். ஆமா, என் பேரையும் போட்டுக்கங்க. பேப்பர்காரங்களுக்கும் அப்படியே சொல்லிடுங்க."

திரும்பினால் கதவருகில் கம்பளித் தொப்பிப் பெண். "ஐயா, நான்தான் ஜனெல். உங்களுக்குப் போன் பண்ணினேனே."

ஹார்லன் நடைவழியை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. கதவை மெல்லச் சாத்தினார். பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நல்லவேளை நீ வந்தேம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு இதெல்லாம் முக்கியமில்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். பெல்லமி முதலாம் சபையா, இரண்டாம் சபையா?"

"அன்னைக்குப் பன்னிக்குத் தீனி போடணும்னு நீங்க கேக்காம விட்டீங்களே, அந்த முதல் வரி இதுதாங்கய்யா: இதுல வர்ற வேட்பாளர் எங்க பேராசிரியரோட கற்பனை, வீட்டுக்கு வீடு சபைய மட்டும் மாத்திச் சொல்லுவோம்."