கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமில்லை

ஒரு வீட்டில் பாத்ரூம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி, அந்தப் பாத்ரூமைக் கட்டி இருபத்திரண்டு வருடம் கழித்துத்தான் எழும். அதுவரை குடும்பத்தார் விவரம் தெரியாமல் அதற்குள் போய் வந்துகொண்டிருப்பார்கள். அஸ்தினாபுரம் துளசிங்கம் வீட்டிலும் இந்த நியதி சற்றும் வழுவாமல் நிறைவேறியது.

துளசிங்கத்துக்கு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிரவுண்டு மனை ஒன்று இருந்தது. மனைவி வேதா பெயரையும் சேர்த்து வாங்கிப் போட்டது. நான்கு வருடமாக விற்கப் பார்க்கிறார், வருகிறவர்கள் பார்த்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மகள் ஓவியா, எம்.ஏ. இரண்டாம் வருடம், காரணத்தைப் பளிச்சென்று சொன்னாள்.

"அப்பா, அந்த மனைக்குப் போறதுக்கு வழியே இல்ல. ஹெலிகாப்டர் வெச்சிருக்கிறவன்தான் வாங்குவான்."

"அத்தெல்லாம் ஒரு காரணமா? வழி இல்லாத மனை எவ்ளோ வித்துப் போவுது. நம்ம வூட்டுல வேற இன்னாவோ கீது."

அந்த இன்னாவோவைக் கண்டுபிடிக்க எட்மண்ட் வரவழைக்கப்பட்டார்.

எட்மண்ட் முன்பு குரோம்பேட்டையில் வண்ண மீன் கடை வைத்திருந்தவர். தொட்டி வாங்க வந்தவர்களெல்லாம் 'எந்தப் பக்கம் வைக்கணும்?' என்று கேட்டுக் கேட்டு, மீனைவிடப் பதிலுக்குத்தான் கிராக்கி என்பதைப் புரிந்துகொண்டார். பதிலுக்குத் தீனி போட வேண்டாம், செத்து மிதக்கவும் மிதக்காது. இப்போது அவர் கார்டில் 'சர்வதேச ஃபெங்சுயி ஆலோசகர்' என்று இருக்கிறது.

செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு வீட்டை மூன்று சுற்று வந்தார். ஓவியாவும் பின்னாலேயே வந்தாள்.

"சார், ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னா உங்க வடக்கு நகர்ந்து போகுது."

"அதாம்மா பிரச்சினையே," என்றார் எட்மண்ட், அவள் சொன்னதில் மகிழ்ந்து. "உங்க வீட்ல வடக்கே நிலையா இல்ல."

தீர்ப்பு கூடத்தில் வழங்கப்பட்டது. பாத்ரூம் வடகிழக்கில் இருக்கிறது. வீட்டின் மொத்த அதிர்ஷ்டமும் தினமும் ஃபிளஷ்ஷில் போய்க்கொண்டிருக்கிறது. இடித்துவிட்டு வடமேற்கில் கட்ட வேண்டும்.

"வடமேற்குல போர்வெல் கீதேப்பா?" என்றார் துளசிங்கம்.

"போரை நகர்த்திடுங்கண்ணா."

"புதுசு கட்டி முடிக்கிற வரிக்கும் நான் எங்க போறது?" என்று வேதா கேட்டாள்.

வேதாவுக்குச் சர்க்கரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து போயாக வேண்டும். அந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பாத்ரூம்.

"ரெண்டு மாசம்தானேக்கா. பக்கத்து வீட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

பக்கத்து வீட்டு ஹஃபீசா தங்கமானவள்தான். ஆனால் அந்த வீட்டில் ஏழு பேர், பாத்ரூம் ஒன்று. வீட்டுக்காரர் உமருக்கே காலையில் நான்காவது இடம்தான் கிடைக்கும்.

ஓவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று கோப்பை வாங்கியவள் அவள். இதெல்லாம் மூடத்தனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா மறுநாளே கடப்பாரையோடு ஆளைக் கூட்டி வந்துவிடுவார் என்பது தெரியும். எனவே எதிரியை எதிரியின் சட்டத்தாலேயே மடக்குவது என்று முடிவெடுத்தாள். எட்மண்ட் விநியோகித்த பன்னிரண்டு பக்கக் கையேட்டை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் மாட்டியது.

"சார், 'கழிப்பறைக் கதவின் வெளிப்புறத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்தால் அவ்வறை இல்லாததற்குச் சமம்'. இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா... அது வந்து, ஃபாரின்ல..."

"இல்லாததுக்குச் சமம்னா, இல்லைதானே?"

"இல்லைதான்."

"இல்லாத பாத்ரூமை எப்படி சார் இடிப்பீங்க?"

எட்மண்ட் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். கண்ணாடியும் அவரிடமே கிடைக்கும் என்பது அப்போது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சிஸ்டர் சொல்றது கரெக்ட்ணா," என்றார். "ஆனா ஒரு கண்டிஷன். அப்படி ஒரு ரூம் இருக்குன்னு இந்த வீட்ல யாரும் வாயால சொல்லக் கூடாது. சொன்னா வந்துடும்."

இரண்டே நாளில் கதவு முழுக்கக் கண்ணாடி ஏறியது. அம்மாவுக்குப் பாத்ரூம் தப்பியது. ஓவியாவுக்கு நான்காவது கோப்பை வாங்கிய நிறைவு. பெயர் சொல்லாமல் சமாளிக்க, துளசிங்கம் அதற்குப் பக்கத்து ஊரான மேடவாக்கத்தின் பெயரை வைத்தார். மேடவாக்கம் போகிறேன் என்று சொன்னால், ஏன் இவ்வளவு நேரம் என்று எவனும் கேட்க மாட்டான் என்பது அவர் கணக்கு. "மேடவாக்கத்துல யாரு?" என்று காலையில் குரல் கேட்கும். "டிராஃபிக்குப்பா, இரு" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

நிலைமை இவ்வாறு சீராக இருந்தபோதுதான் குமரவேல் வந்தார்.

குமரவேல் அரசின் கழிப்பிட மேம்பாட்டுப் பிரிவில் கணக்கெடுப்பாளர். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், அதில் நாற்பத்தாறு கேள்வி. பதினோராவது கேள்வி: 'இல்லத்தில் கழிப்பறை உள்ளதா?'

துளசிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் அவரே தெரிந்தார். அன்று காலைதான் மனைக்கு ஒரு பார்ட்டி போன் செய்திருந்தது.

"இல்ல," என்றார்.

குமரவேல் தட்டிக்கொண்டார். அடுத்தடுத்த கேள்விகளில் அவர் குரல் தளர்ந்தது, முழங்கால்கள் நெருங்கின. அந்தத் தெருவில் வெயிலுக்கு வீட்டுக்கு வீடு அவருக்கு மோர் கொடுத்திருந்தார்கள். இருபத்து நான்காவது கேள்வியில் எழுந்தேவிட்டார்.

"அம்மா... கொஞ்சம்... அவசரம்."

வேதா ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். குமரவேல் உள்ளே பாய்ந்தார். ஃபிளஷ் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வெளியே வந்து கைக்குட்டையில் கையைத் துடைத்து, அதே கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு, இருபத்தைந்தாவது கேள்விக்குப் போனார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் ஓவியா. "இப்போ எங்க போயிட்டு வந்தீங்க?"

"அது என் சொந்த விஷயம்மா."

"கழிப்பறை இல்லைன்னு எழுதியிருக்கீங்க!"

"'உரிமையாளர் கூற்று'ன்னு ஒரு கட்டம்தான் கொடுத்திருக்காங்க. 'கணக்கெடுப்பாளர் அனுபவம்'னு கட்டம் இல்ல. இருந்தா, ரொம்ப சுத்தமா இருக்குன்னே போட்டிருப்பேன்."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

'பார்வையில் கண்ட ஆய்வறிக்கையின்படி, தங்கள் இல்லத்தில் கழிப்பறை இல்லை என அறியப்படுகிறது. கழிப்பறை அற்ற இல்லத்திற்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு அளிக்கப்பட்டிருப்பது விதிகளுக்குப் புறம்பானதாகையால், மேற்படி இணைப்பு பதினைந்து தினங்களுக்குள் துண்டிக்கப்படும் என்பது இதன்மூலம் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.'

ஓவியா உரக்கப் படித்து முடித்தாள். வேதா கேட்டாள்: "இப்ப நான் எங்க போறது?"

"இருக்குன்னு எழுதிக் குடுங்கப்பா, முடிஞ்சுது," என்றாள் ஓவியா.

"பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கற நேரத்துலயா? எங்கையால எழுதவா? பேஜார் பண்ணாத ஓவியா. உனக்குத்தான் வாயி கீதே, நீயே போய்ப் பேசிட்டு வா."

ஓவியா போனாள்.

கழிப்பிட மேம்பாட்டுப் பிரிவின் துணை நல அலுவலர் (பொறுப்பு) ஜெபகுமார் தன்மையான மனிதர். அவள் நீட்டிய செல்போன் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இதுல நீங்க இருக்கீங்க. பாத்ரூம் எங்க?"

"அது கதவு சார். கண்ணாடி போட்டிருக்கு. இது கதவைத் திறந்து எடுத்தது, பாருங்க."

"இது ஒரு பாத்ரூம். ஒத்துக்கறேன். உங்க வீட்டு பாத்ரூம்னு எப்படி ஒத்துக்க முடியும்? உங்க வீட்லதான் பாத்ரூம் இல்லையே."

"நேர்ல வந்து பாருங்களேன்!"

"இல்லாததைப் போய்ப் பார்க்க வண்டி சாங்ஷன் ஆகாதும்மா."

ஓவியாவுக்குக் காது சிவந்தது. அப்போதுதான் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கவனித்தாள். அதே நேரம் கிளார்க் நித்யஸ்ரீ குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சார், எதிர் ஹோட்டல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஓவியா கேட்டாள்.

"மேடம், இங்கேயே லேடீஸுக்கு ஒண்ணு இருக்கணுமே?"

நித்யஸ்ரீ அலுவலரின் முதுகுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "சார் பிரமோஷனுக்கு எழுதிப் போட்ட நாள்லேருந்து அது இல்லம்மா."

ஓவியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், உங்களுக்குப் பின்னாடி என்ன?"

"கண்ணாடி."

"கண்ணாடிக்குப் பின்னாடி?"

"சுவர்."

"சுவருக்கு எதுக்கு சார் தாழ்ப்பாள்?"

ஜெபகுமார் பேனாவை மூடினார். மேஜை மீது எட்மண்டின் கையேடு கிடந்தது, ஒன்பதாம் பக்கம் மடித்து வைத்தபடி.

"அப்போ இந்த ஆபீஸ்லயும் கழிப்பறை இல்ல," என்றாள் ஓவியா. "கழிப்பறை அற்ற கட்டடத்துக்கு இணைப்பு இருக்கிறது விதிகளுக்குப் புறம்பு. முதல்ல இங்க துண்டிச்சிட்டு அப்புறம் எங்க வீட்டுக்கு வாங்க."

ஜெபகுமாருக்கு வியர்த்தது. இருக்கிறது என்று எழுதினால் பிரமோஷன் போய்விடும். இல்லை என்று எழுதினால் இணைப்பு போய்விடும். அவர் முகத்தைப் பார்க்க ஓவியாவுக்கே பாவமாகிவிட்டது. தவிர, வெற்றி பெற்றவர்களுக்கு வரும் தாராளம் ஒன்று உண்டல்லவா, அது அவளுக்கு வந்தது.

"ரெண்டும் வேண்டாம் சார். மூணாவதா ஒரு கட்டம் போடுங்க. 'இல்லாத நிலையில் இருப்பில் உள்ளது.'"

ஜெபகுமார் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. எழுந்து நின்று ஓவியாவுக்குக் கை கொடுத்தார்.

"அப்போ எங்களுக்கு?" என்று நித்யஸ்ரீ வாசலில் குடையோடு நின்றபடி கேட்டாள். "கதவைத் திறந்து விடுவீங்களா?"

"அது வேற விஷயம் மேடம்," என்றாள் ஓவியா. அதற்குள் ஜெபகுமார் எழுதிக் கொடுத்துவிட்ட சான்றிதழில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே அந்த வாக்கியம் சுற்றறிக்கையாகப் போனது. போன இடமெல்லாம் வரவேற்பு. பூட்டிய பஸ் நிறுத்தக் கழிப்பிடம், சாவி தொலைந்த பள்ளிக்கூடக் கழிப்பிடம், திறப்பு விழா நடந்த அன்றோடு மூடிய பூங்காக் கழிப்பிடம் என்று, எந்தக் கட்டத்திலும் அடங்காமல் வருடக்கணக்காக அதிகாரிகளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. யாரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஜெபகுமாருக்குப் பிரமோஷன் வந்தது. எட்மண்டிடம் கண்ணாடி தீர்ந்து போனது.

துளசிங்கத்தின் மனையும் விற்றுப் போனது. வாங்கியவர் பக்கத்து மனைக்காரர். அவருக்கு வழி ஒரு பிரச்சினையே இல்லை, வழியை அடைத்து வேலி போட்டிருந்ததே அவர்தான்.

"பாத்தியா கண்ணாடியோட பவர?" என்றார் துளசிங்கம். ஓவியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா முறைத்ததில் மூடிக்கொண்டாள்.

பத்திரப்பதிவு அன்று மூவரும் ஒன்பதரைக்கெல்லாம் போய் உட்கார்ந்தார்கள். டோக்கன் நாற்பத்தேழு. பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. வேதா அதற்குள் இரண்டு தரம் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தாள்.

"ஓவியா, இனிமே முடியாதுடீ. எங்க கீதுன்னு பாரு."

மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கதவு முழுக்கப் புத்தம்புதுக் கண்ணாடி, கீழே பூட்டு. நான்கைந்து பெண்கள் வந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனார்கள். மேலே நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: 'மகளிர் கழிப்பறை. இல்லாத நிலையில் இருப்பில் உள்ளது.'

வேதா அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இத்த எந்த மகராசி எழுதிக் குடுத்தா?"

ஓவியாவும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

வேதா காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறி உட்கார்ந்தாள். "கையெழுத்து?" என்று துளசிங்கம் பின்னால் ஓடினார். "நீயே போட்டுக்கோ!" என்ற குரல் புகையோடு வந்தது.

அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வரிசை திடீரென்று நகர்ந்திருந்தது. முன்னால் இருந்தவர்களெல்லாம் அதே காரியமாக வெளியே போயிருந்தார்கள்.

"டோக்கன் நாற்பத்தேழு. வேதா, கணவர் பெயர் துளசிங்கம். இருக்காங்களா?" என்று எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். துளசிங்கம் மகளைப் பார்த்தார். நான்கு வருடமும் அந்தப் பார்வையில் இருந்தது.

ஓவியா எழுத்தர் பக்கம் திரும்பினாள். "இல்லாத நிலையில்... இருப்பில் இருக்காங்க சார்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் எழுத்தர். ஒரு கட்டத்தைத் தட்டினார். பிறகு காமிராவைக் காலி நாற்காலியின் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்க," என்றார்.