பன்னிரண்டாம் அறையின் கதவு

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு உலகத்துப் பள்ளிகள் எல்லாம் திருப்தி அடைந்துவிட்டன. ஓக்லஹோமாவில் எங்கள் ஹாலர் கிரீக் பள்ளி வாரியம் மட்டும்தான் அதையும் தாண்டி யோசித்தது. ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி வழங்குவதென்று அது முடிவெடுத்த மாபெரும் கூட்டத்தில், கடைசி வரிசையில் நானும் இருந்தேன்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் எழுந்தவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை லொரெட்டா ஹப்பல். என் தங்கை மார்லி அவரிடம்தான் படிக்கிறாள்.

"என் பன்னிரண்டாம் நம்பர் ரூம் கதவு பூட்ட மாட்டேங்குது. மூணு வருஷமா எழுதிக் குடுக்கறேன். எவனாவது துப்பாக்கியோட வந்தா ஒளியறதுக்கு ஒத்திகை வச்சோமே, அன்னிக்குக் கதவுப் பிடியில கயித்தக் கட்டி நானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உள்ள இருபத்திரண்டு பிள்ளைங்க..."

"டீச்சரம்மா," என்றார் வாரியத் தலைவர் ராய்ஸ் டாக்கெட், தன் கடையில் டிராக்டர் விற்கும் அதே கனிவோடு. "கதவெல்லாம் பராமரிப்புத் துணைக்குழு விஷயம். இன்னிக்கு 'பாதுகாப்பு' மட்டும்தான்."

"நானும் அதத்தானே சொல்றேன்!"

"பூட்டப் பாத்தா பிள்ளைங்க பயந்துடும்மா."

"துப்பாக்கியப் பாத்தா?"

"தைரியம் வரும்."

"கத்திரிக்கோல் நுனி கூரா இருக்குன்னு போன மாசம் பிடுங்கிட்டுப் போனீங்களே, சார்?"

"கத்திரிக்கோலுக்குப் பயிற்சி கிடையாதே. இதுக்கு மூணு நாள் பயிற்சி இருக்கு."

மணி அடித்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் கவலைப்படக் கூடாது என்பது வாரியத்தின் விதி.

அடுத்து விளையாட்டு ஆசிரியர் வெண்டல் எழுந்தார். "ஒரு சந்தேகம், ராய்ஸ். லொரெட்டா ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சிருந்தா, எந்தக் கையால சுடும்?"

"அருமையான கேள்வி. துணைக்குழுவுக்கு அனுப்பிடுவோம்."

வாரிய உறுப்பினர் ஐவரின் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மூன்று வாரத்தில் பயிற்சியும் முடிந்தது, பன்னிரண்டாம் அறைக்குத் துப்பாக்கியும் வந்தது. மறுநாளே காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். துப்பாக்கியைப் பார்த்தார். கதவை இழுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு வேணா உள்ள வரலாமே! இந்த மாதிரி ரூம்ல இத எப்படிங்க வச்சிருக்கீங்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

வாரியம் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. அவசரக் கூட்டம், அவசரத் தீர்மானம். அன்று மாலைக்குள் துப்பாக்கியைப் பத்திரமான வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அதே அறையில்தான் படிக்கிறார்கள்.