திரைச்சீலை தூங்குகிறது

வீணா மூன்றாவது முறை பட்டனை அழுத்தியும் ஜன்னல் திரைச்சீலை அசைந்து கொடுக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் முனிராஜ்.

"தூங்குது சார்."

"பட்டப்பகல்லயா?"

ஸ்மார்ட் ஹோம் என்ற பேச்சே அப்போது பெங்களூருக்குப் புதிது. மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, திரைச்சீலை, விளக்கு, அழைப்பு மணி எல்லாவற்றையும் கம்பியில்லாமல் இயங்க வைத்திருந்தது வீணாவின் கம்பெனி. அடுக்குமாடி கட்டுகிற முனிராஜ் இன்று சரி என்றால் அவருடைய அத்தனை வீடுகளுக்கும் ஆர்டர். உதட்டைப் பிதுக்கினால் இந்தப் பிரிவுக்கே மூடுவிழா. வீணாவும் அவளுடைய கூட்டாளி ரவிக்குமாரும் பழையபடி பேங்க் சாஃப்ட்வேர் எழுதப் போக வேண்டியதுதான்.

"எல்லாமே பேட்டரியில ஓடுறது சார். எப்பவும் முழிச்சிருந்தா பேட்டரி தீர்ந்துடும். அதனால தூங்கும். அப்பப்ப கண்ணைத் தொறந்து, உள்ள இருக்கிற பெட்டிகிட்ட 'எனக்கு ஏதாச்சும் சேதி இருக்கா'ன்னு கேட்டுட்டு மறுபடி தூங்கிடும்."

"அதுவரைக்கும் சேதி?"

"பெட்டி பத்திரமா வெச்சிருக்கும். ஒண்ணுகூடத் தொலையாது."

அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். பெருமைப்பட வேண்டிய வேலை, அதில் சந்தேகமே இல்லை.

முனிராஜுக்கும் பிடித்துப்போனது. "சபாஷ். இப்ப முழிச்சிருக்குமா?" என்று தானே பட்டன்களை அழுத்த ஆரம்பித்தார். திற, மூடு, திற. பிறகு விளக்கு, மணி, மறுபடி திரைச்சீலை. எதுவும் மசியவில்லை.

வீணா நைசாகச் சமையலறைக்கு நழுவினாள். அங்கே பெட்டியும் லேப்டாப்புமாக ரவிக்குமார் உட்கார்ந்திருந்தான்.

"எவ்ளோ நேரம்டா தூங்க வெச்சிருக்க?"

"ஒரு மணி நேரம். பேட்டரி டெஸ்ட்டுக்காக வெச்சேன், மாத்த மறந்துட்டேன்."

"இப்ப மாத்து."

"மாத்தச் சொல்லி சேதி அனுப்பிட்டேன். அது முழிச்சாத்தானே வாங்கிக்கும்?"

"ஐயோ, அவரு அழுத்தினதெல்லாம் வேற சேர்ந்திருக்குமே. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அழிஞ்சு போகட்டும்."

ரவிக்குமார் அப்படியே செய்தான். லேப்டாப் திரையைப் பார்த்து விழித்தான்.

"அழியல. நீதானே ஒண்ணுகூடத் தொலையக்கூடாதுன்னு எழுதின? போய்ச் சேர்ந்துச்சோ இல்லையோன்னு சந்தேகப்பட்டு, எல்லாத்தையும் இன்னொரு தடவை சேர்த்துக்கிச்சு."

அந்த இக்கட்டிலும் வீணாவால் தன் பெட்டியை மெச்சாமல் இருக்க முடியவில்லை. அப்படியொரு விசுவாசம் அதற்கு.

முனிராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்னொரு நாள் பாக்கலாம்மா, ஸ்வல்ப வேலை இருக்கு. மாடி ஏற முடியாம வீட்டுக்காரம்மா வேற கார்லயே உக்காந்திருக்கா."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று வீணாவுக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் இறங்கினார்கள்.

கீழே காரில் முனிராஜின் மனைவி எல்லம்மா, வாயைப் பிளந்தபடி மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரைச்சீலை திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது. மணி கணகணவென்று அடித்தது. ஒரு மணி நேரத் தூக்கம் கலைந்து, சேர்த்து வைத்த சேதிகளில் ஒன்றைக்கூட விடாமல், வரிசை தப்பாமல், வீடு ஆடித் தீர்த்தது. ரவிக்குமார் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வீணாவின் மானம் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"மேல யாரும்மா இருக்காங்க?" என்றாள் எல்லம்மா.

"யாரும் இல்லம்மா. பூட்டிட்டுத்தான் வந்தோம்," என்றாள் வீணா, குரலே எழும்பாமல்.

எல்லம்மா கணவரிடம் திரும்பினாள். "நீங்க கட்டுற எல்லா வீட்டுக்கும் இதையே போடச் சொல்லுங்க. போன தடவை நாம திருப்பதிக்குப் போனப்ப இது இருந்திருந்தா, உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு அந்தத் திருடன் கேட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்."