மீன்பெட்டி விமானம்

ஒரு சனிக்கிழமை காலை, பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, வாய் நிறைய நுரையோடு உதயரூபன் ஒரு முடிவெடுத்தான். சாகிறதுக்கிடையில் தன் கையால் ஒரு விமானம் செய்து பறக்கவிட வேண்டும்.

ஆள் ஏறிப் போகிற விமானம் இல்லை. அதைச் செய்ய அவனிடம் வசதியும் இல்லை, செய்தாலும் ஏறத் துணிவும் இல்லை. நிலத்தில் நின்றபடி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தில் ஓட்டுகிற சின்ன விமானம். யாரோ ஒருவர் அப்படி ஓட்டுகிற வீடியோவை முதல்நாள் போனில் பார்த்தான். அதோடு சோறு இறங்கவில்லை. கந்தோரில் கோப்புக் கட்டைத் தூக்கினாலும் இறக்கை மாதிரித் தெரிந்தது.

இதற்கு ஒரேயொரு தடைதான் இருந்தது. பெயர் யசோதினி. அவனுடைய மனைவி.

ஆரையம்பதியில் அவர்கள் இருக்கிற வீடு யசோதினியின் சீதனம். உன்னிச்சையில் வேளாமை செய்கிற வயல் வட்டை யசோதினியின் சீதனம். முற்றத்து மாமரம் சீதனம். அதில் வந்து குந்துகிற காகமும் அனேகமாகச் சீதனமாகத்தான் இருக்கும். அந்த வளவில் சீதனத்தில் சேராத ஒரே சாமான் உதயரூபன்.

முன்பும் அவன் இப்படி முடிவுகள் எடுத்த ஆள்தான். காடை வளர்த்தான், கீரி வளர்ந்தது. காளான் வளர்த்தான், பெட்டியில் முளைக்காத காளான் அலுமாரியில் முளைத்தது. வர்ணமீன் வளர்த்தான், பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளையின் பூனை கொழுத்தது. அன்றைக்குத்தான் யசோதினி சட்டம் போட்டாள்.

"இனி இந்த வீட்டுக்குள்ள புதுச் சாமான் ஒண்டு வந்தா, பழைய சாமான் ஒண்டு வெளியில போகும்."

சொல்லிவிட்டு அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். எந்தச் சாமான் என்று கேட்க அவனுக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே இரகசியமாகச் செய்ய வேண்டும். அதற்குப் பின்னேரங்கள் வேண்டும். பின்னேரங்களுக்குத்தான் ஆபத்து வந்தது. வேளாமை பால் பிடித்து முற்றுகிற நேரம். வட்டையில் காவல் இருந்தவன் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போய்விட்டான். குருவி கூட்டம் கூட்டமாக இறங்குகிறது.

"இஞ்ச பாருங்க," என்றாள் யசோதினி. "கந்தோர் விட்டு நேர உன்னிச்சைக்குப் போங்க. தகரத்த அடிச்சுக் குருவிய எழுப்பிப்போட்டு, இருட்டுப்பட வாங்க."

"ஆ!" என்றான் உதயரூபன்.

"என்ன ஆ?"

"நாரி."

"நாரிக்கு என்ன?"

"பிடிச்சிட்டு."

"இப்பதானே நல்லா நிண்டீங்க?"

"நிக்கக்குள்ளதான் பிடிச்ச."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வளைந்த ஆணி மாதிரி நின்றான். அப்படியே அடுத்த பொய்யையும் அவிழ்த்துவிட்டான். "களுவாஞ்சிக்குடியில நல்ல பரிசாரியார் ஒராள் இரிக்காராம். பின்னேரம் பின்னேரம் எண்ணெய் போட்டுப் பிடிச்சா ஒரு மாசத்தில சுகமாம்."

"நாரி பிடிச்ச மனிசன் அவ்வளவு தூரம் மோட்டச்சைக்கிள்ல போவீங்களா?"

"இருந்தா நோவில்ல யசோ. நிண்டு தகரம் அடிச்சாத்தான் நோவும்."

யசோதினி அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு, "பாவம்," என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு அவன் பயந்திருக்க வேண்டும். அவன் சந்தோசப்பட்டான்.

திங்கட்கிழமை தொடங்கி, கந்தோர் விட்டதும் மோட்டார்சைக்கிள் களுவாஞ்சிக்குடிப் பக்கம் திரும்பவேயில்லை. காத்தான்குடியில் முனாஸின் கடைக்குள் போய் நின்றது. முனாஸ் போன், பேன், அயன்பெட்டி எல்லாம் திருத்துகிறவன். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. விமானம் என்றதும் அவனுக்கும் கண் மினுங்கியது.

"ஆனா மச்சான், செலவழிக்க ஏலா," என்றான் உதயரூபன். "பேங்க் கார்ட் அவட கையில."

"பறக்கிற சாமானுக்குக் காசா தேவ? பாரமில்லாம இரிக்கணும். அவ்வளவுதான்." முனாஸ் எழும்பிப் போய், மீன் வாடிக்குப் பின்னால் எறிந்து கிடந்த, வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோம் பெட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இந்தா. இதுதான் உன்ட விமானம்."

"இது மீன்பெட்டி."

"இப்ப மீன்பெட்டி. வெட்டினா இறக்க."

மூடிகள் இரண்டும் இறக்கையாயின. பெட்டியின் பக்கப்பலகைகள் உடம்பாயின. பழைய குடைக்கம்பி இறக்கைக்கு முள்ளந்தண்டு. சைக்கிள் கம்பி வாலை ஆட்டுகிற கம்பி. மோட்டரும் பற்றரியும் முனாஸ் எங்கேயோ தேடி எடுத்தான். ரிமோட்டுக்குத்தான் இரண்டு பேரும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருநாள் முனாஸ் அதையும் மேசையில் வைத்தான். கட்டாரிலிருந்து வந்த ஒருவர் பாவித்ததாம். அநியாயத்துக்கு மலிவு.

"என்னெண்டு மச்சான் இவ்வளவு மலிவு?"

"அவருக்குப் பொஞ்சாதிட கரச்சலாம்," என்றான் முனாஸ், அவன் முகத்தைப் பாராமல்.

உதயரூபன் அந்த முகம் தெரியாத சகோதரனுக்காக ஒரு நிமிடம் மனம் உருகினான்.

முதல் இறக்கையை ஒட்ட அவன் எடுத்தது டயர் ஓட்டை அடைக்கிற பசை. பசை பட்ட இடமெல்லாம் தேத்தண்ணிக்குள் போட்ட சீனி மாதிரி ரெஜிபோம் கரைந்து போனது. விமானம் பறக்க முதல் காணாமல் போனதைப் பார்த்து முனாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். வாடியில் இன்னொரு மூடி எடுத்து வந்து, இந்தமுறை தச்சுவேலை வெள்ளைப் பசை. ஒட்டி, பார்சல் டேப் சுற்றி, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். வால் கீழே தொங்கியது. அப்படித் தொங்கினால் ஏறின வேகத்தில் மல்லாக்க விழும் என்றான் முனாஸ். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை மூக்குக்குள் திணித்தார்கள். விமானம் விரல்மேல் நேராக நின்றது.

இறக்கையின் அடியில் வாடிக்காரன் கறுப்பு மையால் எழுதிய மீனின் பெயர் அப்படியே இருந்தது: சூரை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆகவே விமானத்துக்கு அதுவே பெயரானது.

எழுத்தை விடுங்கள். மணமும் போகவில்லை.

"என்ன இது, வெடுக்கு அடிக்குது?" என்றாள் யசோதினி, அவன் வாசலில் கால் வைத்ததும்.

"எண்ணெய்."

"எண்ணெய் மீன் மாதிரியா மணக்கும்?"

"பரிசாரியார் சுறா எண்ணெயும் சேர்க்கிறவராம்."

"ஓ. சட்டையில வெள்ளையா பொட்டுப் பொட்டா ஒட்டியிரிக்கே?"

"மருந்துத் தூள்."

சீதேவிப்பிள்ளையின் பூனை அவன் காலைச் சுற்றி வந்து, பழைய நன்றியோடு களுசானை நக்கியது. யசோதினி பூனையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். குசினிக்குள் போனாள்.

"எண்ணெய் போட்டுப் பிடிக்கிறதெண்டா பத்தியம் இரிக்கணும்," குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "இறால் கூடா. நண்டு கூடா. உறைப்புக் கூடா. முருங்கையிலைச் சாறும் உள்ளிச் சோறும்தான்."

"பரிசாரியார் பத்தியம் ஒண்டும் சொல்லல்லயே யசோ."

"நான் சொல்றன்."

அன்றைக்கென்று வாவி இறால் வாங்கியிருந்தாள். கறிவேப்பிலை போட்டு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தாள். அவன் முன்னாலேயே இருந்து, ஒவ்வொன்றாக வாலைப் பிடித்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். உதயரூபன் உள்ளிச் சோற்றை விழுங்கிக்கொண்டு, வானத்தில் பறக்கிற சூரையை நினைத்துக் கண்ணை மூடினான். மறுநாள் நண்டு. அதற்கடுத்தநாள் கணவாய். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அந்த வீட்டில் இவ்வளவு நல்ல சமையல் நடந்ததில்லை. அவனுக்குத்தான் ஒரு வாயும் இல்லை.

ஒருவழியாகச் சூரை தயாரானது. வாவிக்கரையில் முதல் பறப்பு. உதயரூபன் ரிமோட்டைப் பிடித்தான். முனாஸ் பிஸ்மி சொல்லி விமானத்தை எறிந்தான். எழும்பியது! தென்னை உயரத்துக்கு எழும்பியது!

அதற்குமேல் உதயரூபனின் கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. மட்டக்களப்பு வாவியில், பின்னேரத்தில், மீன் மணக்கிற சாமான் ஒன்றை ஆகாயத்தில் விட்டால் என்ன நடக்கும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. காகம் வந்தது. காகத்துக்குப் பின்னால் செம்பருந்து வந்தது. அதற்குப் பின்னால் அதன் சொந்தக்காரர் எல்லாம் வந்தார்கள். ஒன்று வாலைக் கொத்தியது. இன்னொன்று இறக்கையில் எழுதியிருந்ததை வாசித்த மாதிரிச் 'சூரை'யிலேயே நகத்தைப் போட்டது.

"திருப்பு மச்சான், திருப்பு!"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்!"

"என்ட இடமா, விமானத்துட இடமா?"

நம்மை நோக்கி வருகிற விமானத்துக்கு இடம் வலம் மாறிப்போகும் என்பதை முனாஸ் பலமுறை சொல்லியிருந்தான். உதயரூபனும் பலமுறை தலையாட்டியிருந்தான். சூரை நேராகச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

"ஒண்டும் உடையல்ல," என்றான் முனாஸ், சேற்றைத் துடைத்தபடி. "இந்த இடம் சரியில்ல. காகம் கூட, கரண்ட் கம்பி கூட. வெட்டவெளி வேணும். விழுந்தாலும் மெத்த மாதிரி இரிக்கணும். உன்னிச்சையில உங்கட வட்டை இரிக்குதே?"

"உனக்கு விசரா? எனக்கு நாரி பிடிச்சதில இருந்து குருவி எழுப்ப அவதான் அங்க போறா!"

"ஞாயிற்றுக்கிழம களுவாஞ்சிக்குடியில கலியாண வீடு எண்டு சொன்னாவாமே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்ன?"

சொன்னோமா? சொல்லியிருப்போம் என்று உதயரூபன் விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை யசோதினி சேலை உடுத்து, பூ வைத்து, ஸ்கூட்டியில் ஏறினாள். "நாரியப் பாத்துக்குங்க. நல்லாப் படுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் உதயரூபன் படுத்திருந்தான். பிறகு நாரி இருந்த இடமே தெரியாமல் துள்ளி எழும்பினான்.

உன்னிச்சை வட்டை பச்சையும் மஞ்சளுமாகப் பரந்து கிடந்தது. கதிர் எல்லாம் தலை சாய்த்து நின்றது. அதன்மேல் குருவிகள் சந்தைக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டிருந்தன. முனாஸ் எறிந்தான். உதயரூபன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் மெல்லத் தள்ளினான்.

சூரை பறந்தது.

விழவில்லை. மல்லாக்கப் புரளவில்லை. வரம்போடு வரம்பாகப் போய், சாய்ந்து திரும்பி, வெயிலில் பளபளத்துக்கொண்டு வந்தது. அவன் கையால் செய்த சாமான் ஒன்று முதல்முறையாகச் சாகாமல் இருந்தது. அது போன பக்கமெல்லாம் குருவிகள் 'புர்'ரென்று பாய் சுருட்டின மாதிரி எழும்பி ஓடின. குளத்துப் பக்கத்திலிருந்து பருந்து இரண்டு மணம் பிடித்துக்கொண்டு வந்து சூரைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து பறந்தன. ஜனாதிபதிக்கு மோட்டார்சைக்கிள்காரர் போகிற மாதிரி. பருந்தைக் கண்டதும் மிச்சமிருந்த கிளியும் பறந்தது. முழு வட்டையும் வெளித்துப் போனது.

உதயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, "பாத்தியா மச்சான்!" என்று திரும்பினான். முனாஸைக் காணவில்லை. பறந்த சந்தோசத்தில், தன்னை நோக்கி வந்த சூரைக்கு இடத்தை வலமாகக் கொடுத்தான். அது காவல் பரணுக்குக் கிட்ட, கதிருக்குள் மெத்தென்று போய்ப் படுத்தது.

அதை எடுக்க வரம்பில் ஓடினான். நன்றாக ஓடினான். ஒரு வாய்க்காலைத் தாண்டிக்கூடப் பாய்ந்தான்.

"மெல்லப் பாயுங்க," என்றது பரணுக்கு மேலிருந்து ஒரு குரல். "நாரி பிடிக்கும்."

பரணில் யசோதினி இருந்தாள். கலியாணச் சேலை. தலையில் பூ. பக்கத்தில் திறந்த சாப்பாட்டுக் கெரியர். ஏணிப்படியில் குந்தியிருந்து முனாஸ் பொரித்த இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உதயரூபனைக் கண்டதும் ஒன்றைக் கன்னத்துக்குள் ஒதுக்கினான்.

"கலியாண வீட்டுக்குப் போகல்லயா யசோ?"

"எந்தக் கலியாணம்? நீங்க போற பரிசாரியார் மாதிரித்தான் அதுவும். அந்த மனிசன்ட ஆண்டுத் திவசத்தில போன மாசம் நான் சோறு சாப்பிட்டிட்டு வந்தனான்."

உதயரூபனின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே இனி வேலை இல்லை என்று தெரிந்து கீழே இறங்கியது.

"முதல் நாளே பஹீமா போன் எடுத்திட்டா," என்றாள் யசோதினி. பஹீமா முனாஸின் மனைவி. யசோதினியிடம்தான் வருசத்து அரிசி எடுக்கிறவள். "காவலுக்கு ஆள் தேடித் தேடி எனக்குக் கால் தேஞ்சு போச்சு. அந்தக் கூலிய ரிமோட்டுக்குக் குடுத்தாப் பரவாயில்ல எண்டு நினைச்சன். கட்டார்க்காரன் மலிவாக் குடுக்க உங்கட மாமன்ட மகனா?"

"துரோகி," என்றான் உதயரூபன் முனாஸைப் பார்த்து.

"பொஞ்சாதிட கரச்சல் எண்டு சொன்னன்தானே மச்சான்," என்றான் முனாஸ். "ஆர்ட பொஞ்சாதி எண்டு நீ கேக்கல்ல."

மானத்தைக் காப்பாற்ற உதயரூபன் கடைசியாக நெஞ்சை நிமிர்த்தினான். "இஞ்ச பார் யசோ. இராவணன் விமானம் விட்ட நாடு இது. மண்டோதரி ஒரு சொல்லுக் கேட்டவவா?"

"கேட்டிருந்தா அந்த மனிசன் சாகாம இருந்திருப்பார்."

முனாஸுக்கு இறால் புரைக்கேறியது. யசோதினி அவன் முதுகில் தட்டிவிட்டு, கெரியரின் அடித்தட்டைக் கழற்றி உதயரூபனிடம் நீட்டினாள். உள்ளிச் சோறு.

"நல்லா ஓட்டுறீங்க," என்றாள். குரலில் கேலி இல்லை. அதுதான் அவனுக்குக் கூடுதல் பயம். "நான் மேல இருந்து பாத்தன். ஒரு குருவி இல்ல. நாளையில இருந்து விடிய ஒருக்கா, கந்தோர் விட்டு ஒருக்கா. அறுவடை முடியிற வரைக்கும். அதக் கழுவிப் போடாதீங்க, வெடுக்கு இருந்தாத்தான் பருந்து சம்பளமில்லாம வரும்."

உதயரூபன் கதிருக்குள்ளிருந்து சூரையைத் தூக்கினான். சேறு துடைத்தான். யோசித்துப் பார்த்தால் இது தோல்வியே இல்லை. நாளும் பொழுதும் விமானம் ஓட்டலாம், அதுவும் வீட்டுக்காரியின் உத்தரவோடு. உலகத்தில் எந்தப் புருசனுக்குக் கிடைக்கும் இந்த வாழ்வு? முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள் யசோதினி.

"நல்லா நிக்கும்! பத்து நிமிசம் நிக்கும்."

அவள் பரணின் மூலையில் கைவிட்டு, துருப்பிடித்த தகரம் ஒன்றையும் ஒரு பொல்லையும் எடுத்து, அவன் கையில் இருந்த இறக்கைக்கு மேல் வைத்தாள்.

"மிச்ச நேரத்துக்கு இது."