காபி வேண்டாம்னு சொன்ன எதிரிகள்

ஒரு நகரத்தைப் பிடிக்கணும்னா யானை, குதிரை, பீரங்கியெல்லாம் வேணும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். மன்றத்து விதிகள்ல, அதாவது பைலாவுல, ஒரு திருத்தமும், அதை அடிக்க ஒரு எலெக்ட்ரிக் டைப்ரைட்டரும் இருந்தாப் போதும். 1986 மார்ச் மாசம், நியூஜெர்சியில ராரிட்டன் ஆற்றங்கரைத் தமிழ் மன்றம் இப்படித்தான் வீழ்ந்தது.

மன்றத்தோட தலைநகரம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல ஒரு சர்ச்சோட பேஸ்மென்ட் ஹால். ஞாயித்துக்கிழமை காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அது நம்ம ராஜ்யம். அந்த ரெண்டு மணி நேரமும் மன்றத்து உறுப்பினர் ஜம்புநாதனோட சம்சாரம் பர்வதம் பதினாலு குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்திட்டிருந்தா. மன்றத்துக்குப் புதுத் தலைவரா வந்த சந்தானம், கலிபோர்னியாவுல சன்னிவேல்ல இருக்கற மச்சினன் வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வந்தார். போகும்போது சாதாரணமாத்தான் போனார். வரும்போது நெத்தியில மஞ்சள் கலர் டவல் துணிப் பட்டை, கையில பாட்டுக்குக் குதிக்கற ஏரோபிக்ஸ் உடற்பயிற்சி வீடியோ கேசட் ஒண்ணு.

கொலஸ்ட்ரால்னு ஒண்ணு நம்ம உடம்புல இருக்குங்கறதே எல்லாருக்கும் தெரிய வந்த சமயம் அது. "உறுப்பினர்களின் இருதய நலன் கருதி" ஹால் ஏரோபிக்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ் வகுப்பு, "கதகதப்பான மாற்று இடத்துக்கு" மாற்றப்பட்டது. அதாவது பாய்லர் ரூம் காரிடார்.

மூணு மாசம் பர்வதம் அங்கதான் உட்கார்ந்தா. பாய்லர் 'டமார்'னு ஒரு சத்தம் போடும். குழந்தைகள் அதையும் சேர்த்துப் படிக்கும்: "ககர... டமார்... ஙகர..."

"ஏன்னா, நன்னாக் கேட்டுக்கோங்கோ," பர்வதம் புருஷன்கிட்ட சொல்லிட்டா. "அக்டோபர் பொதுக்குழுவில ஹால் திரும்ப வரணும். வரலேன்னா நான் ஸ்கூலை மூடிடறேன். அந்தக் குழந்தைகளை இன்னொரு வருஷம் பாய்லர்கிட்ட உட்கார வைக்க என்னால ஆகாது."

ஹாலை வர வைக்கறதுல ஒரு சின்னச் சிக்கல். புதுப் பைலா பதினாலு (சி) படி, "செயல்படும் உறுப்பினர்"க்கு மட்டும்தான் ஓட்டு. செயல்படும் உறுப்பினர்னா, எட்டு ஏரோபிக்ஸ் வகுப்புக்காவது வந்து குதிச்சு, போட்டோ ஒட்டின கார்டு வாங்கினவர்.

இங்கதான் ஜம்புநாதனோட சிநேகிதர் ராமசுப்ரமணியன் வந்தார். ஒரு பெரிய ரிசர்ச் லேப்ல சீனியர் என்ஜினியர். எந்த மெஷின் எப்படிக் கெட்டுப்போகும்னு முன்கூட்டியே யோசிக்கறதுதான் அவர் உத்தியோகம். அதனால அவர் யோசிச்ச எதுவும் நல்லா வேலை செஞ்சதா சரித்திரம் இல்லை.

"ஜம்பு, இது ஆக்கிரமிக்கப்பட்ட நகரம்," அவர் சொன்னார். "வெளியிலேர்ந்து அடிக்க முடியாது. நம்ம ஆளுங்க பட்டை கட்டிக்கிட்டு உள்ள போகணும். எதிரி மாதிரியே குதிக்கணும். தமிழ் ஸ்கூல்னு யாராவது பேசினா மூஞ்சியைச் சுளிக்கணும். ஓட்டு அன்னிக்கு மட்டும் கையைத் தூக்கணும்."

"நம்ம ஆளுங்க யார் யாரு?"

"அதைச் சொல்லமாட்டேன். உனக்கும் சொல்லமாட்டேன், அவங்களுக்குள்ளேயும் சொல்லலை. லிஸ்ட் என் மண்டைக்குள்ள இருக்கு. ஒருத்தன் மாட்டினாலும் மத்தவன் தப்பிச்சுடுவான் பாரு."

திட்டம் அமோகமா நடந்தது. ஜூன் மாசம் நாலு பேர் குதிச்சிட்டிருந்த ஹால்ல செப்டம்பர்ல முப்பத்தஞ்சு பேர். நெத்தியில விபூதி, அதுக்கு மேல பட்டை. புடவைக்குக் கீழ காலுக்குக் கம்பளி லெக் வார்மர். சந்தானத்துக்கே ஆச்சரியம் தாங்கலை. ஒவ்வொருத்தரும் மத்த எல்லாரையும் எதிரின்னு நினைச்சு, தன்னைக் கண்டுபிடிச்சுடப் போறாங்கன்னு பயந்து, இன்னும் ரெண்டு அடி உயரமாக் குதிச்சாங்க.

பொதுக்குழுவுக்குப் பத்து நாள் முன்னால, மன்றம் தன் நடுநிலைமையை உலகத்துக்குக் காட்ட, வாசல்ல கார்டு பரிசோதிக்கற பொறுப்பை ஜம்புநாதனுக்குக் குடுத்தது. குறையுள்ள கார்டை அவர் நிராகரிக்கலாம். அப்பீல் கிடையாது. மன்ற ஆபீஸ் போட்ட கார்டாச்சே, குறையில்லாத கார்டு ஒண்ணுகூட இல்லை.

"கடவுளே குடுத்த வரம்!" ராமசுப்ரமணியன் துள்ளினார். "எதிரி வந்தா குறையைப் பாரு. நம்ம ஆள் வந்தா பாக்காதே."

"நம்ம ஆள்னு எப்படித் தெரியும்? நீயே வாசல்ல நில்லேன்."

"ஆபீஸ்ல டல்லாஸ் அனுப்பறான்பா. ஆனா அதுக்கும் ஒரு அடையாளம் வெச்சிருக்கேன், நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொல்லிடறேன். வர்றவங்ககிட்ட காபி வேணுமான்னு கேளு. முதல் தடவை கேட்ட உடனே 'குடுங்க'ன்னு வாங்கிக்கறவன் நம்ம ஆள்."

"ஏன் அப்படி?"

"யோசி! எந்தத் தமிழனாவது முதல் தடவை கேட்டதும் காபி வாங்குவானா? தற்செயலாக்கூட ஒரு எதிரி இந்தப் பதிலைச் சொல்லமாட்டான். நூத்துக்கு நூறு பாதுகாப்பு. ஆனா ஒண்ணு, முதல் பதில்தான் கணக்கு. அப்புறம் மாத்திச் சொன்னா, பின்னாடி நின்னு ஒட்டுக்கேட்டிருக்கான்னு அர்த்தம்."

ஜம்புநாதனுக்கு அந்த மூளையைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு. வாசல்ல ஒரு மடக்கு மேஜை, பெரிய ஸ்டீல் பிளாஸ்க், பர்வதம் போட்ட டிகாக்ஷன். உள்ள பர்வதம் தனியா உட்கார்ந்து, பேச வேண்டியதை வாய்க்குள்ள ஒத்திகை பார்த்திட்டிருந்தா. வெளியில பார்க்கிங் லாட் வரைக்கும் மஞ்சள் பட்டைக் கூட்டம்.

முதல்ல வந்தது டாக்டர் பத்மராணி. யாழ்ப்பாணத்துக்காரங்க. ரெண்டு குழந்தையும் தமிழ் வகுப்புல.

"வாங்கோ டாக்டர். காபி சாப்பிடறேளா?"

"ஐயோ, வேண்டாம் அண்ணை. இப்பத்தான் வீட்டில குடிச்சிட்டு வாறன்."

ஜம்புநாதன் முகம் கல்லாச்சு. கார்டை வாங்கினார். "போட்டோ தலைகீழா ஒட்டியிருக்கு."

"அதை ஒட்டினது உங்கட மன்றம். நான் நேராத்தானே நிக்கிறன்?"

"நீங்க நேரா நிக்கறேள். கார்டு நிக்கலையே. அடுத்தவா வாங்கோ."

"உங்களுக்கென்ன விசரோ, பைத்தியமோ?"ன்னுட்டு அவங்க போனாங்க. உண்மை வெளியில வந்தா எதிரிக்குக் கோபம் வரும்னு ஜம்புநாதன் மனசுக்குள்ள குறிச்சுக்கிட்டார்.

அனந்தராமன் வந்தார். "சேச்சே, எதுக்கு சிரமம்?" சீல் மங்கலா இருந்தது; வெளியே. ஷ்யாமளா வந்தா. "வேண்டாம் மாமா, நான் காபியை விட்டு ஒரு மாசமாச்சு." கையெழுத்து போட்டோ மேல ஏறலை, வெளியே. மரியதாசன் வந்தார். "உங்களுக்கு இருக்கா? நீங்க முதல்ல குடிங்க சார்." போட்டோவுல பட்டை மஞ்சள், நெத்தியில இருக்கறது ஆரஞ்சு, வெளியே.

இருபது பேர் ஆச்சு. நம்ம ஆள் ஒருத்தரைக்கூடக் காணோம். எதிரியோட பலத்தை நினைச்சு ஜம்புநாதன் பிளாஸ்க் மூடியை இறுக்கி மூடினார்.

இருபத்தோராவது ஆள் சிவராமகிருஷ்ணன். தினம் ஒரே கார்ல வேலைக்குப் போற சிநேகிதன். நாலு வருஷமா டர்ன்பைக் ஹைவே டிராஃபிக்ல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து புலம்பினவன்.

"காபி?" ஜம்புநாதன் கேட்டார்.

"வேண்டாம்பா, இப்பதான் ஆச்சு," சொல்லி முடிக்கறதுக்குள்ள சிவராமகிருஷ்ணனுக்கு முகம் வெளுத்தது. "ஐயையோ... குடு! குடுப்பா! ரெண்டு கப் குடு! பிளாஸ்கோட குடு!"

"முதல் பதில்தான் பதில்."

"அது வாய்ல தானா வந்துடுத்துடா! பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே சொல்லிண்டிருக்கேன்!" பின்னாடி வரிசை முழுக்க எதிரின்னு அவனுக்கும் பயம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

'கண்ணடிக்கறான் பார், திமிரு'ன்னு நினைச்சார் ஜம்புநாதன்.

சிவராமகிருஷ்ணன் மேஜை மேல குனிஞ்சு முணுமுணுத்தான். "டேய், என் பொண்ணு பர்வதம் கிளாஸ்ல முன் வரிசையில உட்கார்றாடா!"

எதிரி எவ்வளவு ஆழமா வேலை செஞ்சிருக்கான்! ஜம்புநாதனுக்குப் புல்லரிச்சுது. ஒரு குழந்தையைப் பெத்து, ஏழு வருஷம் வளர்த்து, வகுப்புல சேர்த்து, முன் வரிசையில உட்கார வெச்சு... இதுக்கெல்லாம் எத்தனை பொறுமை வேணும்!

"உன் கார்டுல குத்தியிருக்கற பின் துருப்பிடிச்சிருக்கு," சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். நாலு வருஷ சிநேகம். கண் ஓரத்துல ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. கடமை அதைத் தொடைச்சுது.

பத்தரை மணிக்கு வரிசை தீர்ந்தது. முப்பத்தஞ்சு பேரும் வெளியே. அப்பதான் கார்லேர்ந்து இறங்கினார் தலைவர் சந்தானம். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருஷம். உபசாரங்கற வியாதி குணமாகிப் பதினஞ்சு வருஷம்.

பழக்கதோஷத்துல ஜம்புநாதன் கேட்டார். "சார், காபி?"

"ஷ்யூர்! குடுங்க. ஷுகர் ரெண்டு."

சந்தானமா! எதிரிப் படைத் தலைவனா நம்ம ஆள்! ராமசுப்ரமணியன் எங்கே கொண்டுபோய் ஆளை வெச்சிருக்கான்!

"சார்... நீங்களுமா?"

"எஸ், எஸ், எப்பவும்," காபியை உறிஞ்சினார் சந்தானம். "இன்னொண்ணு கிடைக்குமா?"

அவர் கார்டுல போட்டோவே இல்லை. ஜம்புநாதன் கண்ணை மூடிக்கிட்டு உள்ளே விட்டார். விட்டதோட நிக்காம, நாற்காலியைத் தொடைச்சுப் போட்டு, வாசல்ல எதிரிகள் எல்லாரையும் நிராகரிச்ச வீரத்தையும் காதோட சொன்னார்.

"வெரி குட் ஜாப்," சந்தானம் சொன்னார்.

பொதுக்குழு ஆரம்பமாச்சு. கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள்கணக்கு, எவ்வளவுன்னா, அரங்கினுள் உள்ள வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அரங்கினுள் உள்ள வாக்காளர் சந்தானம். கோரம் இருந்தது. பர்வதம் பத்து நிமிஷம் பேசினா. பாய்லரைப் பத்திப் பேசினா, குழந்தைகளைப் பத்திப் பேசினா. சந்தானம் உண்மையாவே கர்ச்சீப் எடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். அப்புறம் தீர்மானத்துக்கு எதிரா ஒரு கை தூக்கினார். ஆதரவு பூஜ்யம். எதுக்கும் இருக்கட்டும்னு தலைவருக்கான விசேஷ ஓட்டையும் எதிராவே போட்டார். ஏகமனதாகத் தோல்வி.

டல்லாஸ்லேர்ந்து திரும்பின ராமசுப்ரமணியன் போன்ல கத்தினார். "முப்பத்தஞ்சுல முப்பத்தோரு பேர் நம்ம ஆளுங்கடா!"

"ஒருத்தர்கூட காபி வாங்கலையே!"

"அவங்களும் தமிழங்கதானேன்னு நான் யோசிக்கலை."

"சரி, மிச்ச நாலு எதிரி யாரு? அதையாவது சொல்லு."

"அதைச் சொன்னா மத்த முப்பத்தொண்ணும் யாருன்னு தெரிஞ்சுபோயிடுமே. பாதுகாப்பு என்ன ஆகறது? வாசல்ல யார் யார் வந்தாங்கங்கறதையும் நீ மறந்துடு."

அந்த நாலு பேர் செப்டம்பர் கடைசியிலேயே இடுப்பு பிடிச்சுக்கிட்டு, அன்னிக்கு ஓட்டுப் போட மட்டும் வந்து, அதோட ஏரோபிக்ஸுக்கு முழுக்குப் போட்டுட்டாங்கங்கற விஷயம் ராமசுப்ரமணியனுக்கும் தெரியாது.

நாலாவது நாள் பர்வதம் கேட்டா. "சிவராமகிருஷ்ணனையுமா வெளில அனுப்பினேள்?"

"பின் துருப்பிடிச்சிருந்துது."

"உங்க மூளையிலயா?"

ஆனா ஸ்கூலை மூட அவளுக்கு மனசு வரலை. அடுத்த ஞாயிறும் அந்தப் பதினாலும் நோட்டோட காரிடார்ல வந்து நின்னுதே, என்ன பண்றது? "அந்த இடமாவது இருக்கே"ன்னு அவளே தேத்திக்கிட்டா.

தோத்த தீர்மானத்தை ஒரு வருஷத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. அடுத்த வருஷம் ஓட்டுப் போடணும்னா மறுபடி எட்டு வகுப்பு குதிக்கணும். அதனால முப்பத்தோரு பேரும் பட்டையைக் கட்டிக்கிட்டு வந்து சேர்ந்தாங்க. இந்தத் தடவை ஜம்புநாதனும் கட்டிக்கிட்டார். பெண்டாட்டிக்குச் செய்யற பிராயச்சித்தம்.

நவம்பர் மாசம் ஒரு ஞாயிறு, சந்தானம் பாதியில வீடியோவை நிறுத்தினார். ஒரு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உட்கார்ந்தார்.

"ஃப்ரெண்ட்ஸ், உண்மையைச் சொல்லிடறேன். என் முட்டி போயிடுத்து. ஜூன்லயே இதை விட்டிருப்பேன். நீங்க இத்தனை பேர் இவ்வளவு ஆசையா வர்றேளேன்னுதான் நடத்தறேன். யாருக்காவது வேண்டாம்னு தோணித்துன்னா இப்பவே சொல்லிடுங்கோ. ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும், இன்னிக்கே ஹாலைத் தமிழ் ஸ்கூலுக்குக் குடுத்துடறேன்."

பாய்லர் பக்கத்துலேர்ந்து குழந்தைகள் படிக்கற சத்தம் கேட்டுது.

முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்: பொறி! வேவுகாரனைப் பிடிக்க வெச்ச பொறி! முப்பத்தோரு தலை மெதுவாத் திரும்பித்து. தமிழ் டீச்சரோட புருஷன் யாரு? ஜம்புநாதன். இந்த ஹால்லயே சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் யாரு? அதே ஜம்புநாதன்.

அவருக்கு வேர்த்துக் கொட்டித்து. இப்ப மாட்டினா இத்தனை மாச உழைப்பு போச்சு. அடுத்த அக்டோபர் போச்சு. பர்வதம் போச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டு முன்னால வந்தார்.

"தலைவர் அவர்களே! நிறுத்தறதாவது? இடமே பத்தலை! பின் வரிசைக்காரங்க கையை நீட்டினா சுவர் இடிக்கறது. ஆகவே பாய்லர் ரூம் காரிடாரையும் ஏரோபிக்ஸோட சேர்த்துக்கணும்னு முன்மொழிகிறேன்."

சந்தானம் முட்டியைத் தடவிக்கிட்டே அவரைப் பார்த்தார். "அங்க உங்க வைஃப் கிளாஸ் நடக்கறதே, ஜம்பு?"

"இருதய நலன்தான் சார் முக்கியம்."

"வழிமொழிகிறேன்!"னு முதல்ல கத்தினது சிவராமகிருஷ்ணன். "நானும்!" டாக்டர் பத்மராணி. யார் கை முதல்ல உயரும், யார் கை தயங்கும்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே எல்லாக் கையும் ஒண்ணா உயர்ந்தது. மன்ற வரலாற்றுலயே அப்படி ஒரு ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை.

பெருமூச்சு விட்டுட்டு சந்தானம் நோட்டுப் புஸ்தகத்துல எழுதிக்கிட்டார். பைலா பத்தொன்பதின்படி, முடிவைப் பாதிக்கப்பட்ட தரப்புக்கு நேரில் தெரிவிக்கற பொறுப்பு முன்மொழிஞ்சவரோடது.

ஜம்புநாதன் நெத்திப் பட்டையைச் சரிபண்ணிக்கிட்டு, காரிடார் கதவைப் பார்த்து நடந்தார்.