டார்ச் அண்ணனின் மனு பலித்தது

கிழட்டு டவுன் பஸ் ஒன்று கியர் மாற்றும்போது எழும் அந்த முக்கல், கோட்டாற்றுக் கடைத்தெரு இரைச்சலையும் தாண்டி என் காதில் விழுந்தால் போதும். கையிலிருக்கும் காகிதம் நழுவிவிடும். டார்ச் அண்ணன் வந்து நிற்பார், மனசுக்குள். அரசாங்கம் கொடுத்த வெளிச்சத்தையே வேண்டாமென்று மறுத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

அப்போது மார்த்தாண்டத்தில் என் ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் அவருடைய ரப்பர் ஷீட் கடை. அந்தி சாய்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, தெருவிளக்குகள் ஜொலிக்கும் சாலையில் டார்ச் அடித்தபடி நடப்பார்.

“லைட்டுதான் எரியுதே அண்ணே?”

“அது வரிப்பைசால எரியுது மக்கா. எனக்கு எனக்க டார்ச்சு வெட்டம் போதும்.”

வரியைக் குறை, செலவைக் குறை என்றது அவர் கட்சி. பணக்காரனிடம் வாங்கு, ஏழைக்குச் செலவழி என்றது பென்ஷன் சாரின் கட்சி. சார் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். திற்பரப்புப் பக்கம் தனியாக இருந்தார். தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் வந்திறங்குவார். என் கடை பெஞ்சில் சண்டை தொடங்கும். டீ ஆறிப் போகும், ஆடை படியும், ஈ விழும். இருவரும் ஓய மாட்டார்கள்.

ஒருநாள் அண்ணன் பாய்ந்தார். “நீரு வாற பஸ்ஸப் பாத்தேரா? டிரைவரு, கண்டக்டரு, பின்ன நீரு. ஒத்த ஆளுக்கு ஒரு பஸ்ஸா வோய்?”

“ஒத்த ஆளுண்ணா ஆளு இல்லியா வோய்?”

“நிறுத்தச் சொல்லி மனு போடுவேன்!”

“போடும்! பலிச்சா நான் மீசைய எடுக்கேன்.”

மனுவைத் தட்டச்சு செய்தது நான். சிவப்புப் பேனாவால் பிழை திருத்தியது யார் தெரியுமா? பென்ஷன் சார்! “தப்புத் தமிழ்ல எனக்க பஸ்ஸ நிறுத்தப்பிடாது, கேட்டேரா?”

சிரித்தோம். மனு என்றால் போய்ச் சேர்ந்து உறங்கும் என்றுதானே நினைத்தோம்? பலித்துவிட்டது! செலவுக் குறைப்பாம், பஸ் நின்றுவிட்டது. வெற்றி பெற்றவர் முகத்தை அன்று பார்க்க வேண்டும், பேயறைந்த முகம்.

பெஞ்சு காலி. அண்ணன் ஒன்பது மணிக்கு வந்து சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். போனில் பேசலாமே என்றேன்.

“போன்ல சண்ட போட்டா மொகம் தெரியாதுல்லா?”

நான்காம் நாள் என் மேஜையைத் தட்டினார். “மக்கா, இன்னொரு மனு அடி. அந்த பஸ்ஸ திருப்பி விடணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒத்த ஆளுதானே அண்ணே?”

“ஒத்த ஆளுண்ணா ஆளு இல்லியாலே?” என்று சீறினார்.

பிழை திருத்த ஆளில்லாமல் போன அந்த மனு இன்றுவரை உறங்குகிறது. மறுநாள் ஒன்பது மணிக்கு அண்ணனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் யாரோ ஒரு வேற்றாள். உற்றுப் பார்த்தேன். ஐயோ, பென்ஷன் சார்! மீசை இல்லை.

என் கடையைக் கோட்டாற்றுக்கு மாற்றுவதற்கு முந்தைய நாள் இரவு, சாரிடம் சொல்லிக்கொள்ள நானும் பைக்கில் அவர்கள் பின்னாலேயே போனேன். சாரின் வீட்டுக்குப் போகும் குறுகலான ஊடுவழியில் தெருவிளக்கு கிடையாது. அண்ணன் ஸ்கூட்டரை நிறுத்தி, சார் வீட்டு நடை வரைக்கும் டார்ச் வெளிச்சத்தை நீட்டிப் பிடித்திருந்தார்.

பாதி வழியில் சார் திரும்பினார். “இஞ்ச ஒரு லைட்டு போடணும்ணாலும் வரி வேணும் வோய்!”

“மொதல்ல கால் தடுக்காம வீட்டுல கேறும் வோய். நாளெ ஒம்பது மணிக்கு வாறேன், மிச்சத்த அப்பம் பேசுவோம்.”