ஞாயிற்றுக்கிழமைப் பொற்கொல்லர்

ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை தன்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று லென்ஸ்காரர் சபதம் எடுத்தார். யாரும் என்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான், அவர் மனைவி. அதனால் சபதத்தை முதலில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு பீங்கான் கோப்பையால் வந்தது. கண்ணாடிக் கடையில் இருபது வருஷம் லென்ஸ் தேய்த்ததற்கு முதலாளி கொடுத்த பரிசு அது. கோப்பையைச் சுற்றிப் பழுப்பு மையில் பழங்காலப் படம் ஒன்று: பொற்கொல்லர் பட்டறை. குல்லா போட்ட தாடிக்காரர் ஒருவர் ஊதுகுழலை வாயில் வைத்து, கன்னம் புடைக்க, விளக்குச் சுடரைப் பொன்மேல் ஊதிக்கொண்டிருப்பார். பின்னால் உலை. மேசை ஓரத்தில் தராசு பிடித்தபடி ஒரு பெண், வாயே திறக்காமல். லென்ஸ்காரருக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பையில் சூடாக டீ ஊற்றினால் போதும். ஆவி எழும்பும். உலையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். வெயில் பட்டுப் பழுப்புக் கோடுகள் லேசாக அசையத் தொடங்கும். அவர் மெல்ல உள்ளே இறங்கிவிடுவார். அங்கே அவர் ஊத ஊத, ஒரு துளி பொன் இளகி, உருண்டு, பளபளவென்று...

"என்னங்க! இந்த சோபாவைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுங்களேன், பெருக்கணும்."

பொன் போச்சு. பட்டறை போச்சு. டீயும் ஆறிப் போச்சு. எத்தனை ஞாயிறுதான் பொறுப்பது? கோப்பையோடு எழுந்து மனைவியிடம் போனார்.

"இதைப் பாரு. இவர் வாயில என்ன இருக்கு?"

"பீடியா?"

"ஊதுகுழல்! ஊதறப்போ யாராவது கூப்பிட்டா மூச்சு தடுமாறும். மூச்சு தடுமாறினா பொன் பாழ்."

"நீங்க டீதானே குடிக்கிறீங்க?"

"இந்தக் கப்பைக் கையில எடுத்துட்டா நான் பட்டறையில இருக்கேன்னு அர்த்தம். எட்டுலேர்ந்து ஒன்பது. பட்டறையில என்ன முறையோ, அதான் எனக்கும்."

அவள் கோப்பையை வாங்கி ஒரு சுற்று திருப்பிப் பார்த்தாள். "பட்டறை முறைன்னா, எல்லா முறையுமா?"

"எல்லா முறையும்!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நானா? மாறவே மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இத்தனை சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால் அவருக்கு லேசாகத் தலை சுற்றியது.

அடுத்த ஞாயிறு வீட்டில் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது. லென்ஸ்காரர் கோப்பைக்குள் இறங்கி ஒரு மோதிரமே செய்து முடித்தார். தராசுக்காரியின் விரலில் போட்டும் விட்டார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பார்த்தால், தன் மனைவியின் முகம்! இவள்மேல் தனக்கு இவ்வளவு ஆசையா? கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்?

கண்ணைத் திறந்தார். மனைவி எதிரில் நின்றாள். ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் அவருடைய பூதக்கண்ணாடி.

"மணி ஒன்பது. பட்டறையை மூடலாமா?"

"மூடியாச்சு."

"பெருக்காமலா? மார்க்கெட் முனையில நகை ரிப்பேர் பண்றவரைக் கேட்டேன். பட்டறையை வேற ஆள் கையால பெருக்க விடவே மாட்டாராம். தூசியில பொன் துகள் இருக்குமாம். தானே பெருக்கி, தானே சலிப்பாராம்."

"அது அவர் வழக்கம்..."

"இவர் வழக்கம்?" கோப்பைமேல் பூதக்கண்ணாடியை வைத்தாள். படத்தின் மறுபக்கத்தில், இன்னொரு மேசைக்கு அடியில், வெறும் நிழல் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தில், ஒருவர் மண்டியிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எடுபிடி ஆளா இருக்கும்."

"தாடியோட? குல்லாவோட?"

கண்ணாடியைக் குறை சொல்லவும் வழியில்லை. அவரே தேய்த்தது.

சோபா நகர்ந்தது. வருஷக்கணக்கில் சேர்ந்த தூசி சுருள் சுருளாக வெளியே வந்தது. முனகிக்கொண்டே பெருக்கினார். தும்மிக்கொண்டே சலித்தார். சல்லடையில் ஏதோ மினுக்கென்றது.

லென்ஸ்காரர் அசையாமல் நின்றார். ஜன்னல் வெயிலில் தூசி புகைபோல மிதந்துகொண்டிருந்தது. அதன் நடுவே, தன் உள்ளங்கையில், பொட்டு அளவு பொன்! கனவிலா நிற்கிறோம் என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது.

"தங்கம்!" என்று கத்தினார்.

"ஐயோ, என் காதுத் திருகாணி! காலையிலேர்ந்து தேடறேங்க." அவள் வாங்கிக் காதில் திருகிக்கொண்டாள். அப்போது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு மோதிரத்துக்குக்கூட வரவில்லை. அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை பெருக்கறது என் பொறுப்பு. நீ துடைப்பத்தைத் தொடவே கூடாது. உனக்கு இந்தக் கண்ணு கிடையாது."

"வீடு முழுக்கவா? அவ்வளவு வேலையையும் உங்க தலையில கட்டறதுக்கு எனக்கு மனசே வரலைங்க."

"கட்டு! எனக்கு அது ஒரு வேலையா?"

அவள் சமையலறைக்குள் போனாள். அடுத்த வாரம் பீரோவுக்கு அடியில் போடலாமா, கட்டிலுக்கு அடியில் போடலாமா என்று யோசித்தபடி, அதே திருகாணியை மறுபடியும் கழற்றினாள்.